கார்ன்ஹோல் பலகையில் பை தங்காமல் துள்ளி விழுகிறது: தவறு எங்கே?

கேட்டவர்:
வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு அருகில் குடியிருக்கிறோம். கார்ன்ஹோல் என்பது சாய்வான பலகையிலுள்ள துளையை நோக்கிச் சிறு பைகளை எறியும் விளையாட்டு. கோடை வந்தால் இங்கே பல வீட்டுப் புல்வெளிகளில் அதன் பலகைகளைப் பார்க்கலாம் என்பதால், என் மகள்களுக்காக நானே ஒரு ஜோடி செய்தேன். பலகை 48 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் கொண்டது. 6 அங்குல விட்டமுள்ள துளையின் நடுப்புள்ளி மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம் தள்ளி, இரு பக்கங்களுக்கும் சரிநடுவில் இருக்கிறது. முன்புற உயரம் ஏறக்குறைய 4 அங்குலம், பின்புறம் 12. சுற்றிலும் ‘இரண்டுக்கு நான்கு’ எனப்படும் மரச்சட்டம் கொடுத்து, மேலே கால் அங்குல பிளைவுட்டைத் திருகியிருக்கிறேன். பைகளைப் பழைய பருத்தித் துணியில் தைத்து அரிசி நிரப்பினேன். ஆனால் எறிந்த பை பலகையில் நிற்காமல் எழும்பிப் புல்லில் விழுகிறது. இரண்டு பைகள் அதற்குள் தையல் விட்டுவிட்டன. பெயிண்டின் வழவழப்புதான் காரணமா? மணல் கலந்து மறுபடி பூசலாமா?

பதில் 1:
தயவுசெய்து மணல் கலக்காதீர்கள். முன்பகுதியில் விழும் பை சறுக்கிக்கொண்டே மேலேறித் துளைக்குள் போவதுதான் இந்த விளையாட்டின் உயிர். சொரசொரப்பு அதைக் கெடுத்துவிடும். உங்கள் பை வழுக்கவில்லை, துள்ளுகிறது. இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். மத்தளம்போல் அதிர்ந்தால், பிளைவுட் மெலிதாக இருப்பதே குற்றம். குறைந்தது அரை அங்குலக் கனம் வேண்டும். நான்கடிக்கு எட்டடி பிளைவுட் தாள் ஒன்றில் இத்தகைய பலகை நான்கு வரும் என்பதால், உங்களுக்குப் பாதித் தாள் போதும்.

பதில் 2:
பையையும் பாருங்கள். 6 அங்குலச் சதுரப் பை 15 முதல் 16 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 425 முதல் 454 கிராம் வரை இருக்க வேண்டும். அதற்குமேல் திணித்தால் உள்ளே தானியம் நகர இடமில்லாமல் பை கட்டிபோல் ஆகிவிடும். விழும் அதிர்ச்சியைத் தானியம் நகர்ந்து உள்வாங்கினால்தான் பை தொப்பென்று படியும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எடைபோட்டேன், ஒவ்வொரு பையும் 600 கிராமைத் தாண்டுகிறது. தட்டினால் நீங்கள் சொன்ன மத்தள ஓசையும் வருகிறது. மேல் பலகையை மாற்றாமல், அடியில் ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் கொடுத்தால் போதாதா?

பதில் 1:
போதாது என்பதே என் அனுபவம். சட்டம் ஓடும் கோட்டில் மட்டும் பலகை இறுகும். இரு பக்கமும் பழையபடியே அதிரும். பை எங்கே விழுந்தாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அரை அங்குல பிளைவுட்டைப் போட்டு, அதன் நடுவில் குறுக்குச் சட்டமும் கொடுங்கள். மடக்கிய கால்களும் துளையும் மேற்பகுதியில் இருப்பதால் நடுச் சட்டத்துக்கு இடையூறு வராது. திருகுத் தலைகளை அமிழ்த்தி, பட்டி பார்த்து, 220 எண் உப்புத்தாளால் தேய்த்தபின் பெயிண்ட் அடியுங்கள். கனம் கூடுவதால் பின்புற உயரம் மாறும். பலகையின் பின்விளிம்பை ஒரு வாளிமேல் வைத்துத் தரையிலிருந்து 12 அங்குலத்தில் நிறுத்தி, அந்த நிலையிலேயே கால்களில் கோடு போட்டு அறுத்துவிட்டால் கணக்கே தேவையில்லை.

பதில் 3:
துணிக்குக் கெட்டியான கேன்வாஸ் வாங்குங்கள். 7 அங்குலச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போட்டால் 6 அங்குலம் சரியாக வரும். நிரப்புவதற்கு முழு மக்காச்சோளமே (கார்ன்) மரபு. விளையாட்டின் பெயரும் அதிலிருந்துதான். ஆனால் தானியம் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், எலியும் தேடி வரும். பனியில் நனையும் புல்வெளிக்கு பிளாஸ்டிக் மணிகளையே நான் பரிந்துரைப்பேன்.

கேட்டவர்:
இரண்டு வார இறுதிகள் உழைத்து மேல் பலகைகளை மாற்றிவிட்டேன். எட்டுப் பைகளையும் பிளாஸ்டிக் மணிகளால் நிரப்பி, ஒவ்வொன்றையும் 440 கிராமுக்கு நிறுத்தேன். பலகைகளுக்கு இடையே முறையான தூரம் 27 அடி. சிறியவளுக்கு மட்டும் 21 அடியில் கோடு போட்டோம். நேற்று மாலை அவள் எறிந்த பை பலகையின் முன்பகுதியில் படிந்து, மெல்லச் சறுக்கித் துளைக்குள் இறங்கியது. கால்களின் விங் நட் (கையால் முடுக்கும் இறக்கை வடிவ நட்) மட்டும் ஆடஆடத் தளர்ந்தது. பெரிய வாஷர் ஒன்றைச் சேர்த்தபின் அதுவும் நின்றுவிட்டது.