மெஷ்ஷுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

ஆசிரியை, திருகோணமலை:
வணக்கம். உயர்தரத் தொழினுட்ப மாணவருக்கான கணினி ஒப்புருவாக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். கணிப்புக்கு முன் பொருளைச் சிறு மூலகங்களாக, அதாவது துண்டுகளாக, பகுக்கிறோமே, அந்த ‘மெஷ்’. ஃபிரீகேட் என்ற வரைபு மென்பொருளில் ‘எல்’ வடிவ இரும்புத் தாங்கி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். மூலக அளவை 8 மி.மீ., 4, 2 எனக் குறைத்தார்கள். நுனியின் தொய்வு ஏறக்குறைய அப்படியே நின்றது. கூரான உள்மூலையின் தகைப்போ (அலகுப் பரப்பில் தாங்கும் விசை) ஒவ்வொரு தடவையும் ஏறியது. “எது சரியான விடை, டீச்சர்?” என்கிறார்கள். அதை விளக்கும் பக்கத்தில் மட்டும் இந்தச் சொல் பதினொரு இடத்தில் வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மூதூர்:
‘கண்ணி’ என்று வையுங்கள், பிள்ளை. சங்கப் பாட்டில் அது தலையில் சூடும் பூ, வேடனிடம் சுருக்கு, தாயுமானவரிடம் ஈரடிச் செய்யுள். எல்லாம் தொடுத்தவை. கண், கணு, கண்ணி மூன்றும் ஒரே வேரின என்பது என் துணிபு. மூலகங்கள் சந்திக்கும் புள்ளியைக் கணு என்றுதானே எழுதுகிறீர்கள்? கரும்பிலும் மூங்கிலிலும்...

பொறியியலாளர், உப்புவெளி:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குக் கண்ணி என்றதும் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். அதைப் பாடநூலில் பதினொரு தடவை வாசிக்க வைக்க எனக்கு மனமில்லை. ‘வலை’ போதும். கரைவலையைப் பாருங்கள்: கைப்பக்கம் பெரிய கண், மீன் சேரும் மடியில் சிறுகண். நாமும் தகைப்புச் சேரும் இடத்தில் மட்டும்தான் நுணுக்குகிறோம். எங்கும் நுணுக்கினால் கணினி திணறும்.
டீச்சர், பிள்ளைகளுக்கு விடை இது: கூரான உள்மூலையில் மீள்தன்மைக் கோட்பாட்டின்படி தகைப்புக்கு எல்லையே இல்லை, வலையை எவ்வளவு நுணுக்கினாலும் ஓர் எண்ணில் ஒருங்காது. உண்மையான தாங்கியில் மூலை சற்று வளைந்திருக்கும். அந்த வளைவை வரைந்தால் எண் ஓரிடத்தில் நிற்கும்.

வாசகர், மதுரை:
தகைப்பா? இங்கே தகைவு என்போம். சுமையில் பொருள் உருமாறும் அளவான விகாரம் எங்களுக்குத் திரிபு. முதலில் இதைப் பொதுவாக்கலாமே?

ஆசிரியை:
அண்ணா, அது வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

தமிழாசிரியர்:
வலையின் கண் வெறும் ஓட்டை. மூலகத்துக்குள் இரும்பு நிறைந்திருக்கிறது. உவமை பொய்க்கிறதே?

பொறியியலாளர்:
பொய்க்கவில்லை, ஐயா. மென்பொருள் இடப்பெயர்ச்சியைக் கணுக்களில்தான் தீர்க்கிறது. உள்ளே உள்ளதை அவற்றிலிருந்து இடைக்கணிக்கிறது. வலையையும் வடிவத்தில் பிடித்து வைப்பது முடிச்சுகள்தான்.

ஆசிரியை:
எல்லாப் பதில்களையும் சேர்த்தால் நால்வர் ‘வலை’ என்கிறீர்கள், இருவர் ‘மெஷ்’ என்றே விடச் சொல்கிறீர்கள். முதல் இடத்தில் ‘வலை (மெஷ்)’ என்றும் பிறகு ‘வலை’ என்றும் எழுதிவிட்டேன்.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். கணுவை மட்டும் முடிச்சாக்கிவிடாதீர்கள், பிள்ளை. கண்ணியைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.