மறு: பிறந்த குழந்தையோட கொடியை உடனே கட்டாம விடுறதுக்கு என்ன சொல்லலாம்? 'தாமதம்' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

பிறந்த குழந்தையோட தொப்புள்கொடியை உடனே கட்டாம கொஞ்ச நேரம் விட்டுக் கட்டுறதுக்கு (இங்கிலீஷ்ல 'டிலேட் கார்ட் கிளாம்பிங்') தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடுற இந்த இழையை ஆரம்பத்துல இருந்தே படிச்சிட்டுதான் இருக்கேன், ராத்திரி டூட்டியா வந்ததால உக்காந்து எழுத முடியல. இதுவரைக்கும் நாலு சொல் வந்திருக்கு: தாமதக் கொடியிறுக்கம், துடிப்படங்கிக் கட்டல், தாழ்த்திக் கட்டல், கொடி காத்தல். நாலையும் லேபர் வார்டுல நின்னு வாய்விட்டு சொல்ற மாதிரி யோசிச்சுப் பாத்தேன், அப்புறம் ஆராய்ச்சி என்ன சொல்லுதோ அதோட ஒத்துப்போகுதான்னும் பாத்தேன். நாலுமே எனக்கு சரியா படல, ஏன்னு சொல்லிட்டு என் பரிந்துரையைக் கடைசில வைக்கிறேன்.

முதல்ல தாமதம். வார்டு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற அம்மாச்சிகிட்ட போய் "குழந்தைக்கு கொடியைத் தாமதமா கட்டுனோம்மா"ன்னு சொல்லிப் பாருங்க, ஏன் தாமதம், டாக்டர் இல்லையா, புள்ளைக்கு எதும் ஆயிடுச்சான்னு அடுக்கடுக்கா கேள்வி வரும். நம்ம காதுல தாமதம்னா யாரோ செய்ய வேண்டியதை நேரத்துக்கு செய்யலன்னுதான் விழும். இங்க நடக்கறது அதுக்கு நேர் எதிரானது, செய்ய வேண்டியதே காத்திருக்கறதுதான். இங்கிலீஷ்காரங்களே முதல்ல 'டிலேட்'னு ஆரம்பிச்சு, அப்புறம் 'டிஃபர்ட்', 'ஆப்டிமல்', 'பிசியலாஜிக்கல்'னு மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்காங்க, அவங்களே விட்டு விலகுற ஒரு சொல்லை நாம இப்ப புதுசா எடுத்து கலைச்சொல் ஆக்க வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. தாமதம்னு சொன்னா உடனே கட்டுறதுதான் இயல்பு, நாம அதைத் தள்ளிப்போடுறோம்னு ஆயிடுது. அப்படி இல்லையே. பல ஊர்ல பழைய மருத்துவச்சிங்க நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்டா) விழுந்த பிறகுதான் கொடியை அறுப்பாங்க (அறுக்க என்னத்த எடுத்தாங்கன்றது வேற கதை, அதுல வந்த ஜன்னிக்கு எத்தனையோ குழந்தைங்க போயிருக்கு, அதை மறைக்க வேண்டாம்). சார்லஸ் டார்வினோட தாத்தா எராஸ்மஸ் டார்வின் ஒரு டாக்டர், அவரு 1801லயே கொடியை சீக்கிரம் கட்டி அறுக்கறது குழந்தைக்குக் கெடுதல்னு எழுதி வச்சிருக்கார். சீக்கிரம் கட்டுறது ஆஸ்பத்திரிப் பழக்கமா நிலைச்சது போன நூற்றாண்டுலதான், அதுவும் 1960கள்ல இருந்து அம்மாவுக்கு ரத்தப்போக்கு வராம இருக்க ஊசி போடுறது, கொடியைக் கட்டுறது, மெல்ல இழுத்து நஞ்சை எடுக்கறதுன்னு மூணையும் ஒண்ணா சேத்து ஒரு முறையா சொல்லிக்கொடுத்தப்ப இதுவும் கூடவே ஒட்டிக்கிச்சு. பின்னாடி தனித்தனியா பிரிச்சுப் பாத்தா ரத்தப்போக்கைத் தடுக்கறது ஊசிதான், கொடியைச் சீக்கிரம் கட்டுறதால அம்மாவுக்கு ஒரு லாபமும் இல்லன்னு தெரிஞ்சுது. 2014ல உலக சுகாதார நிறுவனம் தனி வழிகாட்டியாவே போட்டுருச்சு, 1 நிமிஷத்துக்கு முன்னாடி கட்டாதீங்கன்னு.

காத்திருந்தா என்ன கிடைக்குதுன்னு போன மடல்ல ஒரு ஐயா கேட்டிருந்தீங்க. பிறக்கற நேரத்துல குழந்தையோட ரத்தத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு நஞ்சுக்கொடிப் பக்கம்தான் நிக்குது. நிறைமாசக் குழந்தைக்கு முதல் நிமிஷத்துல சுமார் 80 மில்லி, 3 நிமிஷத்துல சுமார் 100 மில்லி வந்து சேரும். அதோட வர்ற இரும்புச்சத்து கிலோவுக்கு 40லருந்து 50 மில்லிகிராம். ஸ்வீடன்ல 2011ல 400 குழந்தைங்களை வச்சு செஞ்ச ஆய்வுல 4 மாசத்துல இரும்புக்குறை வந்தது உடனே கட்டுனவங்கள்ல 5.7 சதவீதம், 3 நிமிஷம் விட்டுக் கட்டுனவங்கள்ல 0.6. அது பணக்கார நாடு, நம்ம நிலைமைக்குப் பக்கத்துல இருக்கறது காத்மாண்டுல 540 குழந்தைங்களை வச்சு செஞ்சு 2017ல வந்த ஆய்வு, 8 மாசத்துல ரத்தசோகை 82 சதவீதத்துல இருந்து 73க்கு இறங்குச்சு. 82 சதவீதம்ன்றதையும் கொஞ்சம் நின்னு படிங்க. நம்ம தமிழ்நாட்டுலயே 2019-21 தேசிய குடும்பநல சர்வேல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. செலவே இல்லாத ஒரு காரியம் இது, அதுக்கு நல்ல பேரு வைக்கணும்னு நான் இவ்வளவு பேசறதுக்கு அதான் காரணம்.

அடுத்து துடிப்படங்கிக் கட்டல், அதாவது கொடியோட துடிப்பு நின்ன பிறகு கட்டுறது. கேக்க அழகா இருக்கு, பழைய வழக்கத்தோடவும் ஒத்துப்போகுது, நானும் முதல்ல இதுக்குத்தான் சாஞ்சேன். ஆனா நெதர்லாந்துல லெய்டன்ல கொடியோட ரத்த ஓட்டத்தை ஸ்கேன்ல பாத்து 2015ல எழுதியிருக்காங்க, துடிப்பு நின்ன பிறகும் பல குழந்தைங்களுக்கு ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கு, துடிப்பை வச்சு ஓட்டத்தைக் கணிக்க முடியாதுன்னு. அப்படி இருக்கறப்ப துடிப்பைப் பேர்லயே வச்சுட்டா நாளைக்கு சொல்லே தப்பான வழி காட்டும்.

தாழ்த்திக் கட்டல் சொன்ன அண்ணாவுக்கு: தாழ்த்துறதுன்னா காலம் கடத்துறதுன்ற பொருள் இருக்கறது எனக்கும் தெரியும், "தாழாமல் வா"ன்னு பழைய எழுத்துல நிறைய வரும். ஆனா வார்டுல ஒரு பயிற்சி நர்ஸ் இதைப் படிச்சா குழந்தையைக் கீழ இறக்கிப் பிடிச்சுக் கட்டணும்னுதான் எடுத்துப்பாங்க. அதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, ஏன்னா குழந்தையைத் தாழ்வா பிடிச்சாதான் ரத்தம் இறங்கும்னு நிஜமாவே ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க, அதனாலயே அம்மா நெஞ்சு மேல உடனே போடாம இருந்தாங்க. அர்ஜென்டினால 2014ல அதைச் சோதிச்சுட்டாங்க, 391 குழந்தைங்க, பாதிப்பேரைப் பிறந்த மட்டத்துலயே பிடிச்சாங்க, பாதிப்பேரை அம்மா வயித்து மேல போட்டாங்க, 2 நிமிஷத்துல கூடுன எடை 56 கிராம், 53 கிராம். வித்தியாசமே இல்ல. தாராளமா அம்மாகிட்ட கொடுத்துடலாம். நாங்க இப்ப அப்படித்தான் செய்யறோம், காய்ஞ்ச துணியால முதுகைத் துடைச்சுக்கிட்டே பாத்தா முதல்ல கொடி நீலம்பாரிச்சு தடியா முறுக்கிட்டு இருக்கும், கொஞ்ச கொஞ்சமா தொய்ஞ்சு வெளுத்து சப்பையா ஆயிடும், அதுக்குள்ள குழந்தையும் அழுது முடிச்சு செவந்துடும்.

கொடி காத்தல்ல எனக்கு ஒரே ஆட்சேபம்தான், அதைச் சொன்னதும் எல்லாருக்கும் திருப்பூர் குமரன்தான் ஞாபகம் வருவாரு. அந்தப் பேருக்கு உரியவர் அவர், அங்கயே இருக்கட்டும்.

என் பரிந்துரை: பொறுத்துக் கட்டல். எதிர்ச்சொல் உடனடிக் கட்டல். 'உடன்கட்டல்'னு சுருக்கினா உடன்கட்டை மாதிரி கேக்கும், தயவு செஞ்சு வேண்டாம். பொறுக்கறதுன்னா சும்மா இருக்கறது இல்ல, தெரிஞ்சே காத்திருக்கறது, "கொஞ்சம் பொறு"ன்னு தினமும் சொல்றோம், அதுல குத்தம் குறை எதுவும் தொனிக்காது. "கொடியைக் கொஞ்சம் பொறுத்துக் கட்டுனோம்மா"ன்னா அம்மாச்சிக்கும் புரியும்.

பொறுக்கறதுக்குப் பின்னாடி உடம்புக்குள்ள நடக்கற காரணம் ஒண்ணும் இருக்கு. வயித்துக்குள்ள இருக்கறவரைக்கும் குழந்தையோட இதயத்து இடப்பக்கத்துக்கு ரத்தம் பெரும்பாலும் கொடி வழியாத்தான் வருது, நுரையீரல் மூடிக் கிடக்கு. மூச்சு எடுத்ததும் நுரையீரல் திறந்து அந்தப் பக்கத்துல இருந்து ரத்தம் வர ஆரம்பிக்கும். மூச்சு வர்றதுக்கு முன்னாடியே கொடியைக் கட்டிட்டா ஒரு வழி அடைஞ்சு போயிடுது, இன்னொரு வழி இன்னும் திறக்கல, நடுவுல இதயம் திண்டாடும். மெல்பர்ன்ல ஆட்டுக்குட்டிங்களை வச்சு 2013ல இதைத் தெளிவா காட்டினாங்க. அதனாலதான் இப்ப ஆராய்ச்சி நிமிஷக் கணக்கைத் தாண்டி, மூச்சு வர்றவரைக்கும் பொறுக்கலாமா, மூச்சு வராத குழந்தைக்குக் கொடி இருக்கறப்பவே பக்கத்துல வச்சு காத்து கொடுக்கலாமான்னு போயிட்டு இருக்கு. பொறுத்துன்ற சொல்லு நிமிஷத்துக்கும் பொருந்தும் மூச்சுக்கும் பொருந்தும், நாளைக்கு வழிகாட்டி மாறினாலும் சொல்லை மாத்த வேண்டியதில்ல.

குறைமாசக் குழந்தைங்களுக்கு இது இன்னும் பெருசு. 30 வாரத்துக்கு முன்னாடி பிறந்த 1566 குழந்தைங்களை வச்சு 2017ல வந்த ஆய்வுல முக்கியமா எதைப் பாத்தாங்களோ அதுல வித்தியாசம் வரல, ஆனா இறப்பு உடனே கட்டுனவங்கள்ல 9 சதவீதம், பொறுத்துக் கட்டுனவங்கள்ல 6.4 சதவீதம்னு பிரிஞ்சு நின்னுச்சு, உறுதியா சொல்ல முடியல. 2023ல 20 ஆய்வு, 3260 குழந்தைங்க கணக்கை ஒண்ணு சேத்துப் பாத்தப்ப பொறுத்துக் கட்டுனா இறப்பு குறையுதுன்னு தெளிவாச்சு. இதே கணக்குல பொறுத்த குழந்தைங்களுக்கு உடம்புச் சூடு கொஞ்சம் குறையுதுன்னும் வந்திருக்கு, அதனால பொறுக்கற நேரத்துலயே துடைக்கணும், போர்த்தணும், கவர்ல போடணும். நிறைமாசத்துல மஞ்சள் காமாலைக்கு லைட்ல வைக்க வேண்டிய தேவை கொஞ்சம் கூடும். இதெல்லாம் விளக்கக் குறிப்புல போகணும்.

கூடவே இன்னும் ரெண்டு சொல்லு வேணும். நேரமில்லாதப்ப கொடியைக் குழந்தைப் பக்கமா தள்ளி ரத்தத்தை அனுப்புறாங்களே, அதைக் 'கறத்தல்'னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. கறந்தா வெளிய எடுக்கறது, இங்க உள்ள அனுப்புறோம். விரல் செய்யற வேலை உருவுறது, அதனால கொடி உருவல். அமெரிக்கால ஆரம்பிச்ச ஒரு ஆய்வை 474 குழந்தைங்களோட நிறுத்தி 2019ல வெளியிட்டாங்க, ரொம்பக் குறைமாசத்துல (23லருந்து 27 வாரம்) உருவுன குழந்தைங்கள்ல 22 சதவீதம் பேருக்கு மூளைக்குள்ள கடுமையான ரத்தக்கசிவு, பொறுத்துக் கட்டுனவங்கள்ல 6. அதனால ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள அடைக்கவே கூடாது. அப்புறம் நஞ்சுல இருந்து குழந்தைக்கு வர்ற ரத்தம். அதை 'குருதியேற்றம்'னு போட்டா யாரோட ரத்தத்தை ஏத்துனீங்கன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. அது அந்தக் குழந்தையோட ரத்தம்தான், கொடி வழியா வருது. கொடிவரவுன்னு வைக்கலாமா?

எல்லாரும் சொல்லுங்க.

- - -

யாழ்ப்பாணத்தில இருந்து பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். 'பொறுத்து' எங்கட பக்கமும் வடிவா விளங்கும். ஆனா ஒரு பயம். "கொடியைப் பொறுத்து" எண்டு எழுதினா "கொடியைப் பொறுத்தவரை" எண்ட மாதிரியும் போகும் எல்லோ? வசனத்தில சொல்லு இடம் மாறி விழுந்தா கருத்தே மாறிப்போம். அதுக்கு என்ன செய்யிறது?

மற்றது, இங்க பாடப்புத்தகத்தில நீங்கள் சொல்லுற நஞ்சுக்கொடி சூல்வித்தகம் எண்டுதான் வரும், கொடியை நாண் எண்டுவினம். ஊரில மாட்டுக்கு இளங்கொடி எண்டு சொல்லுறது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில தாய்சேய் இணைப்புத்திசு எண்டு வாசிச்சிருக்கிறன், அது நீளம், மருத்துவமாது பிள்ளைப்பேறு பாக்கேக்க அப்பிடிச் சொல்லிக்கொண்டு நிக்கேலாது. கொடி எண்டது ரெண்டு பக்கத்துக்கும் பொது எண்டபடியால் அதையே வைச்சிருங்கோ. ஆனா நஞ்சுக்கொடி ஒரு கொடி, தொப்புள்கொடி ஒரு கொடி, வெறுமனே கொடி எண்டா எது எண்டு வரைவிலக்கணத்தில ஒருக்கா சொல்லிவிடோணும். உருவல் நல்ல சொல். கொடிவரவு எனக்குப் பிடிச்சிருக்கு.

- - -

அக்கா, ரொம்ப நன்றி. "கொடியைப் பொறுத்து" பிரச்சினை நிஜம்தான். அதனால பேர்ச்சொல்லா வர்றப்ப பொறுத்துக் கட்டல்னு சேத்தே எழுதணும், வினையா வர்றப்ப 'கொஞ்சம் பொறுத்து' இல்லன்னா 'ஒரு நிமிஷம் பொறுத்து'ன்னு அளவு ஒண்ணு முன்னாடி வரணும்னு குறிப்புலயே போட்டுடலாம், அளவு வந்துட்டா 'பொறுத்தவரை'ன்னு யாரும் படிக்க மாட்டாங்க. அளவைச் சொல்ல வைக்கறதால இன்னொரு நல்லதும் இருக்கு, கேஸ் ஷீட்ல எத்தனை நிமிஷம்னு எழுதுற பழக்கம் வரும், இப்ப பல இடத்துல டிக் மட்டும்தான் போடறாங்க.

உங்க யோசனையைச் சேத்து வரைவு இது:

பொறுத்துக் கட்டல்: பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் குறைந்தது 1 நிமிடம், அல்லது குழந்தை மூச்சுவிடத் தொடங்கும் வரை, கட்டாமல் விட்டுப் பின் கட்டுதல். 'கொடி' என இங்கு வருவது தொப்புள்கொடி மட்டும். நஞ்சுக்கொடியை (இலங்கையில் சூல்வித்தகம்) எப்போதும் முழுப்பெயரால் குறிக்க.

உடனடிக் கட்டல்: பிறந்தவுடனே கட்டுதல். நஞ்சுக்கொடியிலிருந்தோ கொடியிலிருந்தோ ரத்தம் வெளியேறும் நிலை போன்றவற்றில் தேவைப்படும்.

கொடி உருவல்: கொடியில் உள்ள ரத்தத்தை விரலால் குழந்தைப் பக்கம் தள்ளுதல். 28 வாரத்துக்கு முன் பிறந்தோருக்குக் கூடாது.

கொடிவரவு: பிறந்த பின் நஞ்சுக்கொடியிலிருந்து கொடி வழியே குழந்தைக்குச் சேரும் அதன் சொந்த ரத்தம்.

கட்டல்னு வச்சதுக்கு ஒரு விளக்கம்: இப்ப எல்லா இடத்துலயும் பிளாஸ்டிக் கிளிப்தான் போடறோம், நூல் இல்ல, ஆனாலும் வாயில வர்றது "கொடி கட்டியாச்சா"தான். கிளிப்புக்கு வேணும்னா கொடிக்கவ்வின்னு தனியா வச்சுக்கலாம். உருவல்ன்ற சொல்லு பால் கறக்கறப்ப காம்பை உருவுறதுக்கும் ஓடுது, கால்நடை டாக்டருங்க யாராவது இழைல இருந்தா குழப்பம் வருமான்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்கப்புறம் கலைச்சொல் பட்டியல்ல ஏத்தச் சொல்லலாம்.