டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வெளியூர்ப் பயணம் போனவர்கள் இருக்கிறீர்களா?

வைகைக்கரை

வணக்கம். எனக்கு 52 வயது, மதுரை. 2023 மார்ச்சிலிருந்து ஹீமோடயாலிசிஸ், அதாவது மிஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது. திங்கள், புதன், வெள்ளி காலை ஷிஃப்ட், 4 மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் இடம்), ட்ரை வெயிட், அதாவது கூடுதல் நீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 54 கிலோ. சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வந்தால் அதிகம்.

நான் டீச்சராக இருந்தேன். அரையாண்டு லீவு விட்டதும் நானும் வீட்டுக்காரரும் ரயில் ஏறிவிடுவோம். காசி, பூரி என்று போய் வந்திருக்கிறோம். கடைசியாக 2022 டிசம்பரில் ஹம்பி. அங்கே மாதங்க மலை ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மூன்றே மாதத்தில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தேன். அதற்கப்புறம் மதுரையை விட்டு நகரவில்லை.

மகள் பெங்களூரில் வீடு எடுத்து ஒரு வருடம் ஆகிறது. அவள் சமையலறையை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் போய் இருக்க ஆசை, முடிந்தால் அங்கிருந்து மைசூர். மாமியார் "இந்த உடம்பை வைத்துக்கொண்டு எதற்கு" என்கிறார். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நான் பேச்செடுத்தாலே அவர் முகம் மாறிவிடுகிறது.

முன்பின் தெரியாத சென்டரில் நம்மை எடுப்பார்களா? எப்படிக் கேட்பது? இன்னொன்று, தண்ணீரை நன்றாகக் குறைத்துக்கொண்டால் ஒரே ஒரு டயாலிசிஸை விட்டுவிடலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

பொருநை

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். விடவே கூடாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2019-ல் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஹைதராபாத் போனேன், அப்போது எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு வருடம். ஒன்றைத்தானே விடுகிறோம், தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன், அளவாகத்தான் குடித்தேன், ஆனால் கல்யாணச் சாப்பாட்டு உப்பு என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. திரும்பி வரும்போது நடு ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. விடியும் வரை மனைவி தோளில் சாய்ந்து உட்கார்ந்தே வந்தேன். வழியிலேயே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நுரையீரலில் நீர். தண்ணீரைக் குறைத்தாலும் பொட்டாசியம் குறையாது டீச்சர், அது சத்தமில்லாமல் ஏறி இதயத்தை நிறுத்திவிடும்.

ஆனால் அதற்காகப் பயணத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கப்புறம் நான் திருப்பதி, கொச்சி, இரண்டு முறை சென்னை போய் வந்துவிட்டேன். அந்த ஊரில் டயாலிசிஸ் இடம் உறுதியான பிறகுதான் டிக்கெட் போடுவேன், மாற்றிச் செய்வதே இல்லை. மகளை நேரில் போய் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சென்டர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் "வாங்க பார்த்துக்கலாம்" என்பார்கள், அதை நம்பி ஏறாதீர்கள், தேதியும் ஷிஃப்டும் எழுத்தில் வேண்டும், வாட்ஸப்பில் வந்தாலும் போதும். மூன்று நான்கு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். உங்களுடையது முதல்வர் காப்பீட்டில் நடக்கிறது என்றால் பெங்களூரில் கைக்காசு போட வேண்டியிருக்கலாம், ஒரு டயாலிசிஸுக்கு எவ்வளவு, புது டயலைசர் (ரத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்) விலை அதில் சேர்த்தியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதம் வேண்டாம், இட்லி போதும், ஊறுகாய் வேண்டவே வேண்டாம். வழியில் யாராவது பாவம் என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள், நமக்கு அது ஆகாது, அவ்வளவும் பொட்டாசியம்.

ஊசிமுனை

நான் சேலத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியன், 11 வருடம். வெளியூரிலிருந்து வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். பாதிப் பேர் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் வருவார்கள், அப்போது எங்களுக்கும் கை நடுங்கும்.

அம்மா, உங்கள் சென்டரில் ஒரு கடிதம் கேளுங்கள். ட்ரை வெயிட், எந்த டயலைசர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் எவ்வளவு, ரத்த ஓட்ட வேகம், டயாலிசேட்டில் (மிஷினில் ஓடும் திரவத்தில்) பொட்டாசியம் எவ்வளவு, ஊசி எத்தனை கேஜ் (தடிமன்), ஃபிஸ்டுலாவில் வழக்கமாக எங்கே குத்துகிறார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துவிடுங்கள், நடுவில் பிபி இறங்குகிறவரா என்பது எங்களுக்கு அதில்தான் தெரியும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி ரிப்போர்ட் புதிதாக, ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும், அது இல்லாமல் பல இடங்களில் மிஷினில் ஏற்ற மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நான்கு டோஸும் முடிந்து, ஆன்டிபாடி அளவு பார்த்தாயிற்றா? இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், புது இடத்துக்குப் போகும்போது அது முக்கியம்.

அப்புறம் கிளம்பும் நாள். வெள்ளி முடித்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்பலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் வியாழக்கிழமை என்பேன். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் அந்த இரண்டு நாள்தான் நம் வாரத்திலேயே ஆபத்தான இடைவெளி, அதில் பயணமும் வெளிச்சாப்பாடும் சேர வேண்டாம். வியாழன் போனால் மறுநாளே அங்கே டயாலிசிஸ், ஏதாவது கூடக்குறைய இருந்தாலும் சரியாகிவிடும். டயாலிசிஸ் முடிந்த அன்றே கிளம்பாதீர்கள், அசதியில் பிபி இறங்கும்.

தண்ணீர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுத்தால் இதயத்துக்குச் சிரமம். உங்கள் 54 கிலோவுக்கு 4 மணி நேரத்தில் சுமார் 2.8 லிட்டர், அதுதான் உச்சம். புது இடத்தில் முதல் நாள் ட்ரை வெயிட்டுக்கு மேல் 2 கிலோவுக்குள் போய் நின்றால் உங்களுக்கும் நிம்மதி, ஊசி போடுகிறவருக்கும் நிம்மதி. மகள் வீட்டில் ஒரு எடை மிஷின் இருக்கட்டும்.

ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி கையில் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில், ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள், உறைந்துவிட்டால் வீண்.

கரிசல்மகள்

என் அம்மா வயிற்று வழி டயாலிசிஸ், சிஏபிடி. மிஷின் இல்லாமல், பையிலிருக்கும் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பது. ஒரு நாளைக்கு 4 பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். பத்து நாளைக்கு 40 பை, தூக்க முடியாது. மூன்று வாரம் முன்னாலேயே சொல்லி, போகிற முகவரிக்கே பெட்டிகளை வரவழைத்தோம், நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டில் இருந்தன. தம்பி வீட்டில் ஒரு அறையைக் காலி செய்து, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டுப் பையை மாற்றினோம். முதல் நாள் பயத்தில் நான் மூன்று முறை கை கழுவினேன். வெளியே வரும் நீர் கலங்கலாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம், கலங்கினால் உடனே ஆஸ்பத்திரிதான். உங்களுக்கு இது தேவைப்படாது, ஆனால் இதைத் தேடி வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மலை ஊர்களுக்குப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். ரோட்டோரம் வெட்டி மிளகாய்த்தூள் போட்டு விற்கும் ஸ்டார் ஃப்ரூட்டை சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. அதிலிருக்கும் நச்சை சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும், அது முடியாதபோது மூளையைத் தாக்கும், விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும்.

பொருநை

இன்னொன்று விட்டுவிட்டேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறீர்களா டீச்சர்? அப்படியென்றால் ஊரில் இல்லாத தேதிகளை ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. ரயிலில் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் இருக்கும் சலுகை சிகிச்சைக்குப் போகும் பயணத்துக்குத்தான், மகள் வீட்டுக்குப் போக முழு டிக்கெட்டே எடுங்கள். வந்தே பாரத்தில் காலையில் மதுரையில் ஏறினால் மதியம் பெங்களூர், செவ்வாய் மட்டும் கிடையாது. டிக்கெட் போடும்போதே சாப்பாடு வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. பொருநை சார், அந்த ராத்திரியைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். டயாலிசிஸை விடும் எண்ணத்தை அப்போதே கைவிட்டேன். அவர் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை, அப்புறம் அவராகவே மகளைக் கூப்பிட்டு சென்டர்களைப் பார்க்கச் சொன்னார்.

மகள் நேற்றுப் போய் வந்தாள். ஒரு இடத்தில் வெள்ளி, திங்கள், புதன் மூன்றும் மதிய ஷிஃப்டில் தருகிறோம் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள், புது டயலைசரோடு. முதல் தடவை என்பதால் பத்து நாளை எட்டாகக் குறைத்துக்கொண்டேன், வியாழன் போய் அடுத்த வியாழன் திரும்பினால் மறுநாள் வெள்ளி இங்கே என் பழைய படுக்கையிலேயே. மைசூர் சனிக்கிழமை காலை போய் ஞாயிறு சாயங்காலம் வந்துவிடலாம் என்று மகள் சொன்னாள், ஊசிமுனை தம்பி சொன்ன அந்த இரண்டு நாள் அதுதான் என்பதால் இந்த முறை சனிக்கிழமை மட்டும், ராத்திரிக்குள் வீடு. பதிவு செய்து வைத்திருக்கிறேன், ஒருங்கிணைப்பாளரிடம் நாளை சொல்கிறேன்.

தம்பி, ஒரு சந்தேகம். காலை ஷிஃப்டுக்குப் பழகியவள், அங்கே மதியம் என்றால் அன்று காலை பிபி மாத்திரையைப் போடுவதா, நிறுத்துவதா?

ஊசிமுனை

நல்ல கேள்வி அம்மா, ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசப்படும். திங்கட்கிழமை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டு, அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தால் இடது கை ஜன்னல் பக்கம் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பையை வலது தோளில் மாட்டுங்கள்.