பஸ்ஸில் கேட்ட பாட்டு வீட்டில் ஏன் அப்படிக் கேட்பதில்லை?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தனியார் டவுன் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அதே இளையராஜா, அதே எஸ்.பி.பி., அதே ஜானகியம்மா. போனில் இன்று பல மடங்கு சுத்தமாகக் கேட்கிறது, ஆனால் பஸ் பாட்டாக இல்லை. செட் எப்படி மாட்டினார்கள், கேசட் எப்படிப் போட்டார்கள், எது எதனால் கெட்டது என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள். பல்லவன், சேரன், பாண்டியன் என்ற அரசுக் கழக டவுன் பஸ்களை விட்டுவிடலாம். அங்கே பொதுவாகப் பாட்டு கிடையாது, கண்டக்டர் விசில்தான்.

—

முதல் காரணம் இன்ஜின். அந்தக்கால பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே பானெட்டுக்குள் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் முழுக்கக் கீழ்ஸ்தாயி. பாட்டில் உள்ள பேஸ் கிட்டாரையும் தபேலாவின் இடது கை அடியையும் அது விழுங்கிவிடும். மிச்சம் காதுக்கு வருவது குரல், புல்லாங்குழல், வயலின் கூட்டம், தபேலாவின் வலது கை. அதனால்தான் ஈக்வலைசரில் இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுவை இறக்கி வைப்பார்கள். வண்டி நிற்கும்போது கேட்டால் பல் கூசும், ஓடும்போது சரியாக இருக்கும். வீட்டில் அதே அமைப்பை வைத்துக் கேட்டால் நாராசம்.

இரண்டாவது, ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது. கூரையின் உள்தகட்டில் வட்டமாக வெட்டி 6 இன்ச் ஸ்பீக்கரையோ, நீள்வட்ட 6x9-ஐயோ நேராகத் திருகிவிடுவார்கள். மேல்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் பெட்டி. பஸ் முழுநீளத்துக்கும் ஓடும் பெட்டி அது. தலைக்கு மேலிருந்து பாட்டு ‘பொழிகிற’ உணர்வு அதனால் வருவது. தகடு அதிர்ந்து ‘கிர்ர்’ என்று கூடவே பாடும். பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டித் திருகுக்கு அடியில் கொடுத்தால் அடங்கும்.

மழை வந்து ஷட்டரை இறக்கியதும் பாட்டு சட்டென்று பெரிதாகக் கேட்கும், கவனித்திருப்பீர்கள். யாரும் வால்யூமைத் தொட்டிருக்க மாட்டார்கள். காற்றிரைச்சல் நின்றுபோனதுதான். நல்ல கண்டக்டர் அந்த நேரம் ஒரு சுற்று குறைப்பார்.

—

ஒயரிங் பக்கம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதி செட்டுகள் செத்தது அங்கேதான்.

பஸ்ஸுக்கு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரியலில். கார் செட் எல்லாம் 12 வோல்ட். செலவு மிச்சம் என்று எலக்ட்ரீஷியன் ஒற்றை பேட்டரியிலிருந்து 12-ஐ எடுத்துவிடுவார். செட் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாகக் காலியாகும். சார்ஜ் ஆகும்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஏறும், அதனால் ஒன்று எப்போதும் பசியோடு, இன்னொன்று அளவுக்கு மீறிக் கொதித்துத் தண்ணீர் வற்றி நிற்கும். சில மாதத்தில் இரண்டுமே போகும். இப்படி எடுத்திருக்கிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிக்கும்போது பாட்டு ‘ஆஆவ்’ என்று இழுபட்டாலோ, செட் ஒருமுறை அணைந்து எழுந்தாலோ சந்தேகப்படலாம். முறையாக 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டால் பேட்டரி இரண்டும் ஒரே சமமாக இறங்கும். பழைய கன்வர்ட்டர்கள் மிச்சமுள்ள 12 வோல்ட்டையும் சூடாக்கித்தான் தொலைக்கும், ஆகவே அலுமினியத் துடுப்போடு காற்றுப்படும் இடத்தில் இருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் சாக்குக்கு நடுவில் வைத்தால் எரியும்.

அடுத்து ஸ்பீக்கர் கணக்கு. உள்ளூரில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் எல்.ஏ.4440 என்ற ஐ.சி. சிப் இருக்கும். இரண்டு சேனலாகப் போட்டால் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் சேர்த்து பிரிட்ஜாகப் போட்டால் ஒரே சேனலில் 19 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலில் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும், பிரிட்ஜாகப் போட்டிருந்தால் ஐ.சி. சூடேறிப் போய்விடும். ஒரு பக்கத்துக்கு நாலு ஸ்பீக்கர் வேண்டுமானால் இரண்டிரண்டாகச் சீரியலில் கோர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்க்க வேண்டும். கணக்கு மறுபடி 4 ஓமுக்கே வந்து நிற்கும். பிளஸ், மைனஸ் மாறினால் ஸ்பீக்கர் கெடாது, ஆனால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், இருக்கிற கொஞ்ச பேஸும் போய்விடும். 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

இன்னொன்று, ஒயர் மிச்சம் பிடிக்க ஸ்பீக்கர் மைனஸை பஸ் பாடியிலேயே எர்த் பண்ணும் பழக்கம். பழைய சாதா செட்டில் அது ஓடியது. பிரிட்ஜ் வகை வந்த பிறகும் அதையே செய்தார்கள். பிரிட்ஜில் ஸ்பீக்கரின் இரண்டு முனையுமே உயிர் ஒயர். ஒன்றை பாடியில் தொட்டால் ஐ.சி. அங்கேயே முடிந்தது. கூரை வளைவுக் கம்பியில் ஒயர் உரசித் தோல் போனாலும் இதே கதைதான். பஸ் குலுங்கும்போது மட்டும் பாட்டு விட்டுவிட்டு வந்தால் அந்த வளைவுகளைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றுவார்களே, அதைப்பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் பாட்டுக்குப் பின்னால் ‘உய்ய்ங்’ என்று ஏறுகிறதா? அது ஆல்டர்நேட்டர். செட்டின் எர்த்தை டாஷ்போர்டுத் திருகில் கொடுக்காமல் பேட்டரி மைனஸுக்கே தனி ஒயராகக் கொண்டுபோனால் பெரும்பாலும் தீரும். பெயின்டைச் சுரண்டாமல் போல்ட்டில் மாட்டிய எர்த், எர்த்தே இல்லை.

—

ஒயரிங் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கேசட் பக்கம் ஒன்றும் வரவில்லை, அதைச் சேர்க்கிறேன்.

எக்கோ, இன்ரெகோ, எச்.எம்.வி., சங்கீதா கேசட்டுகளை அப்படியே பஸ்ஸில் போட்டது குறைவு. ஒரு படம் முழுக்கப் பாடினால் நடுவில் இரண்டு பாட்டு சொதப்பும். ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்ததுதான் பஸ் கேசட். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், நாலரை நிமிடப் பாட்டு ஆறு. ஏழாவது எழுதினால் சரணத்தில் அறுந்து நிற்கும். சி-90-யில் 45 நிமிடம், ஒன்பது அல்லது பத்துப் பாட்டு. ஆனால் சி-90 நாடா மெலிசு, பஸ் சூட்டில் நீண்டு, சுருண்டு, ரோலரில் சுற்றிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் பஸ்ஸுக்கு சி-60 மட்டுமே கேட்பார்கள். சி-120 கேட்டால் கடைக்காரரே வேண்டாம் என்பார்.

முன்னால் ஓடும் வெற்று நாடாவில் எதுவும் பதியாது. ஐந்தாறு நொடி ஓடவிட்டுப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாட்டின் தொடக்கம் போய்விடும். பதிந்து முடித்ததும் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிட வேண்டும். பிறகு மறுபடி பதிய வேண்டுமானால் அந்தக் குழியில் செல்லோ டேப் ஒட்டினால் போதும்.

பாட்டு வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் டிரிப்புக்குப் பிள்ளையார் அல்லது சீர்காழியின் முருகன் பாட்டு, அடுத்து நாகூர் ஹனிபா, அடுத்து ஒரு மாதா பாட்டு. அதற்குப் பிறகுதான் சினிமா. ஹம்மிங்கோடு மெல்லத் தொடங்கும் பாட்டை முதல் கியர், இரண்டாம் கியர் ஓடும் ஊர்ப்பகுதியில் போட்டால் பல்லவி வரைக்கும் ஒன்றும் கேட்காது.

—

நாடா சிக்கினால் பிடித்து இழுக்காதீர்கள். ரோலரைக் கையால் பின்னோக்கித் திருப்பினால் தானாக வரும். பிறகு ஆறுமூலைப் பென்சிலைக் கேசட் சக்கரத்தின் பல்லில் கொடுத்துச் சுற்றுங்கள், உருண்டைப் பென்சில் வழுக்கும். அறுந்ததைச் செல்லோ டேப்பால் ஒட்டினால் வெயிலில் பசை கசிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அப்பும். கேசட்டைப் பானெட் மேல் வைப்பதைப்பற்றிச் சொல்லவே வேண்டாம், அப்பளம்தான்.

—

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தில் கேசட்டை ஓரங்கட்டியது கொடைக்கானல் வானொலி. 100.5. மலை உச்சியில் டவர் இருப்பதால் சமவெளியில் அவ்வளவு தூரம் எடுக்கும். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, அதனால் பஸ் ஒரு கரட்டுக்குப் பின்னால் திரும்பியதும் ‘புஸ்ஸ்’ என்று போய், அடுத்த வளைவில் சரணத்தின் நடுவில் திரும்பி வரும். ஏரியலை ஆட்டிப் பயனில்லை.

—

இப்போதைய மினிபஸ்காரர்களுக்கு ஒரு உபயோகமான விஷயம். பென் டிரைவில் பாட்டு வரிசை மாறி மாறி வருகிறது என்று நிறையப் பேர் செட்டைக் குறை சொல்கிறார்கள். பல மலிவு செட்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எது முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் முதலில் பாடும். பென் டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மட் செய்து, 001, 002 என்று பெயர் வைத்து, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். நடுவில் ஒன்றை அழித்துப் புதிதாகப் போட்டால் வரிசை மறுபடி குழம்பக்கூடும். 192 கே.பி.பி.எஸ். தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 7 எம்.பி., ஆக 4 ஜி.பி.யில் ஐந்நூறுக்கு மேல் கொள்ளும்.

—

பழைய பஸ் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் இரண்டு முனைக்கும் ஒருமுறை முழுதாக ஓட்டிச் சுற்றைத் தளர்த்துங்கள். பிறகு ஹெட்டைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஓசைகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும், பதிந்த கடையின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படி. ஆட்டோ ரிவர்ஸ் செட் என்றால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். அதற்குத் திருகை விட்டுவிட்டு, கேசட்டைக் கையால் திருப்பிப் போட்டு நல்ல திசையிலேயே இரண்டு பக்கத்தையும் எடுங்கள். அரைச் சுருதி ஏறியோ இறங்கியோ இருந்தால் வேகம் 6 சதவீதம் பிசகியிருக்கிறது. மென்பொருளில் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும், சுருதியை மட்டும் மாற்றினால் தாளம் அப்படியே தப்பாக நிற்கும்.