துக்கடாவுக்கு வந்தவர்

மாம்பலத்தான்:
போன மார்கழியில் நடந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து நான் தயாரித்ததை மேலாளர் "அந்தத் துக்கடா ரிப்போர்ட்" என்று இளக்காரமாகச் சொன்னார். அன்று சாயங்காலமே ஓசி டிக்கெட்டில் ஒரு கச்சேரி. மெயின் உருப்படி முடிந்து மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், வழக்கம்போலப் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்தது. அதற்குப் பிறகு கடைசியில் வரும் சின்னச் சின்னப் பாட்டுகள்தானே, துக்கடாக்கள். நானும் எழுந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் அசையவில்லை.

"இனிமே துக்கடாதானே மாமா, கிளம்பலையா?"

"நான் வந்ததே அதுக்குத்தாம்பா."

சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் ஒரு திருப்புகழின் முதல் வரி. தனி முடிந்த கைதட்டலில் அது கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. பாடகர் படித்துவிட்டுச் சுருதிப் பெட்டிக்கு அடியில் செருகினார். முதலில் ஒரு ஜாவளி. அப்புறம் அபங்கம். மாமா விரலைப் பிசைந்துகொண்டே இருந்தார். தில்லானாவுக்கு முன்னால் வந்தது அந்தத் திருப்புகழ். நாலு நிமிஷம் இருக்குமா? அவர் உதடும் கூடவே அசைந்தது. நான் மங்களம் வரை இருந்துவிட்டேன். கேன்டீனில் கீரை வடை தீர்ந்துபோயிருந்தது, அது வேறு விஷயம்.

தாதர்வாசி:
மும்பை வந்த புதிதில் மீன் மார்க்கெட்டில் முழு வஞ்சிரம் வாங்கினேன். கத்தியை ஓங்கிக்கொண்டு அந்தம்மா "கித்னே துக்டே?" என்றார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மீனைத் துக்கடா என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. எத்தனை துண்டு என்றுதான் கேட்டிருக்கிறார். இந்தியில் துக்டா என்றால் வெறும் துண்டு, அவ்வளவுதான். அதில் இளக்காரத்தைச் சேர்த்தது நாம்தான் போல.

தேனி அக்கா:
எங்க பக்கம் துக்கடா எல்லாம் கிடையாது தம்பி, சுண்டைக்காய்தான். "சுண்டைக்காய்ப் பய" என்று யாரையாவது திட்டாமல் எங்கப்பாவுக்குப் பொழுது போகாது. 'சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம்' என்பார்கள் இல்லையா? அது போன மாதம் எனக்கே நடந்தது. பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் சுண்டை வத்தல் அனுப்பினேன். மோரில் ஊறவைத்து நாலு நாள் மொட்டை மாடியில் காய வைத்தது. வத்தல் அறுபது ரூபாய்க்குக் கூடப் பெறாது. கூரியருக்கு நூற்று எண்பது. கடைப் பையன் பொட்டலத்தை எடை போட்டுக்கொண்டே "உள்ளே என்னக்கா?" என்றான். சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மகள் போன் பண்ணினாள். உப்பு கொஞ்சம் தூக்கலாம்.