மறு: ஃபால்ட்லைன் – பிளவுக்கோடா, பிரிகோடா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு குழுவில் வயது, பால், தொழில் போன்ற பண்புகள் சேர்ந்து ஆட்களை இரு பக்கமாகப் பிரிக்கக்கூடிய கோட்டை மேலாண்மை ஆய்வில் ஃபால்ட்லைன் (faultline) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> பிளவுக்கோடு என்றே வைத்துக்கொள்ளலாமே. நிலவியலில் இருந்து வந்த உருவகம்தானே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரிந்துவிடும். நிலவியலில் பிளவுப்பெயர்ச்சி என்றால் பாறை ஏற்கெனவே பிளந்து நகர்ந்தாயிற்று. 1998-இல் மேலாண்மை ஆய்வாளர்களான டோரா லாவும் கீத் மர்னிகனும் இந்த உருவகத்தைக் குழுக்களுக்குப் பொருத்தியபோது சொன்னது வேறு. ஒரு குழு உடைய நேர்ந்தால் எந்த இடத்தில் உடையும் என்று காட்டும் கற்பனைக் கோடு அது. குழு கடைசிவரை ஒற்றுமையாகவே இருந்துவிட்டாலும் கோடு இருக்கும்.

> பன்முகத்தன்மை என்ற சொல் இருக்கும்போது இதற்குத் தனிச்சொல் எதற்கு?

இரண்டும் ஒன்றல்ல அம்மா. நால்வர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு இளம் பெண்கள், இருவரும் கணக்காளர்கள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், இருவரும் பொறியாளர்கள். வயது, பால், தொழில் மூன்றும் ஒரே இடத்தில் வெட்டுகின்றன. வயதை வைத்துச் சச்சரவு வந்தாலும் சரி, தொழிலை வைத்து வந்தாலும் சரி, அதே இருவர் இந்தப் பக்கம், அதே இருவர் அந்தப் பக்கம்.

இப்போது ஆட்களை மாற்றுங்கள்: இளம் பெண் பொறியாளர், மூத்த பெண் கணக்காளர், இளம் ஆண் கணக்காளர், மூத்த ஆண் பொறியாளர். தலைகளை எண்ணினால் பன்முகத்தன்மை அதே அளவுதான். ஆனால் யாரை எடுத்தாலும், மற்ற மூவரில் ஒவ்வொருவரோடும் ஏதோ ஒரு பண்பில் ஒத்துப்போகிறார். கோடு அநேகமாக அழிந்துவிட்டது. எத்தனை பெண்கள், எத்தனை இளைஞர்கள் என்று தனித்தனியாக அட்டவணை போடும் மனிதவளத் துறைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. (ஆங்கிலத்தில் ஃபால்ட் என்றால் தவறு என்றும் பொருள். மொழிபெயர்ப்புக் கருவி இதைத் 'தவறுக் கோடு' ஆக்கினால், பாவம், யார் தவறு என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்!)

அதனால் என் பரிந்துரை: பிரிகோடு.

இது வினைத்தொகை. பிரிந்த கோடு, பிரிகின்ற கோடு, பிரியும் கோடு என மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஏவாமல் கிடங்கில் கிடந்தாலும் ஏவுகணை ஏவுகணைதானே? பிளவுக்கோடு என்றால் 'பிளவு' முடிந்துபோன காரியமாக ஒலிக்கிறது.

கிளைச்சொற்களுக்கும் தோதாக இருக்கிறது. ஆய்வுகளில் வரும் இரு நிலைகளை உறங்கும் பிரிகோடு (கோடு இருந்தும் குழுவினர் பிரிவை உணராத நிலை), விழித்த பிரிகோடு (பிரிவை அவர்களே உணரும் நிலை) எனலாம். பண்புகள் எவ்வளவு இறுக்கமாக ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதைப் பிரிகோட்டு வலிமை எனலாம். தொழில்முனைவு ஆய்விலும் உதவும். குடும்ப நிறுவனத்தில் உறவினருக்கும் வெளியாருக்கும் இடையே ஓடுவதும் இதே கோடுதான்.

எல்லைக்கோடு என்று மயங்க வாய்ப்புண்டு என்று நண்பர் ஒருவர் தனிமடலில் சொன்னார். குழு என்ற சொல்லை முன்னால் சேர்த்தால், குழுப் பிரிகோடு, அந்த மயக்கம் பெரும்பாலும் போய்விடும். முதல் முறை மட்டும் அப்படி எழுதினால் போதும்.

அப்புறம், மேலே சொன்ன இரண்டாவது குழுவைப் போலப் பண்புகள் குறுக்குமறுக்காக ஓடும் நிலைக்கு 'ஊடறுப்பு' என்று எழுதிவருகிறேன். எனக்கே அதில் முழு நிறைவில்லை. அறுப்பு என்றதும் சேதம்தான் நினைவுக்கு வருகிறது, இங்கே நடப்பதோ நேர்மாறு. வேறு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.