குடும்பத்தோடு ஜியோகேஷிங்: கொழும்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வெள்ளவத்தை அம்மா

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோவிலுள்ள தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் எங்கள் பிள்ளைகளை ஜியோகேஷிங் என்னும் புதையல் தேடும் விளையாட்டுக்குப் பழக்கிவிட்டான். ஒருவர் ஒரு பெட்டியை வெளியிடத்தில் ஒளித்துவிட்டு அதன் ஆள்கூறுகளை இணையத்தில் பதிவிடுகிறார். மற்றவர்கள் கையடக்கத் தொலைபேசியின் ஜிபிஎஸ் உதவியோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் தாளில் பெயரும் திகதியும் எழுதி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகின்றனர். கேட்பதற்குச் சின்ன விடயந்தான். ஆனால், தொலைக்காட்சியின் முன்னாலிருந்து எழும்ப மறுக்கும் என் பத்து வயது மகன், அங்கே ஒரே பிற்பகலில் ஆறு கிலோமீற்றர் நடந்தும் கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. (கேஷ் என்றால் காசு என்றே என் மாமியார் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். ஒளித்து வைத்த பொருளைக் குறிக்கும் சொல் அது என்று எத்தனை தரம் சொல்லியும் பயனில்லை.)

கொழும்புக்குத் திரும்பியதும், இங்கேயும் தேடியே ஆகவேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். சென்ற சனிக்கிழமை பின்னேரம் செயலியில் காட்டிய ஒரு பூங்காவுக்குப் போனோம். இடத்தை நெருங்கியதும் திரையிலிருந்த அம்புக்குறி பம்பரம்போலச் சுழலத் தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் ஒரே மரத்தைச் சுற்றினோம். ஒன்றும் கிடைக்கவில்லை, நுளம்புதான் கடித்தது. ஆறு வயது மகள் அழுதுகொண்டே வீடு வந்தாள்.

இதற்கென்று தனியான ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா? கட்டணம் செலுத்தி உறுப்பினராவது அவசியமா? எல்லாவற்றுக்கும் மேலாக, கொழும்பு போன்ற நகரத்தில் சிறு பிள்ளைகளோடு செய்யக்கூடிய பொழுதுபோக்குத்தானா இது?

பதில் 1: தெஹிவளை நடையன்

வணக்கம் சகோதரி. முதல் முயற்சியில் வெறுங்கையோடு திரும்பாதவர்கள் எங்களில் அரிது. தனிக் கருவி தேவையில்லை. உங்கள் தொலைபேசியில் பழுதும் இல்லை. வானம் நன்கு திறந்திருக்கும் வெளியில்கூட ஒரு தொலைபேசி தன் இருப்பிடத்தை ஏறத்தாழ 5 மீற்றர் பிழையோடுதான் கணிக்கும். விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்பவை போன்ற பெருமரங்களின் கீழும், உயர்ந்த கட்டடங்களின் அருகிலும், செய்மதிச் சமிக்ஞை இலைகளால் நலிந்தோ சுவரில் பட்டுத் தெறித்தோ வந்து சேர்வதால் அந்தப் பிழை இன்னும் கூடும். பெட்டியை ஒளித்தவரும் இதே போன்ற கருவியைக் கொண்டுதான் ஆள்கூறுகளை எடுத்திருப்பார் என்பதால் அவருடைய பிழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து மீற்றர் ஆரை என்று வைத்துக்கொண்டால், தேடவேண்டிய வட்டம் 314 சதுர மீற்றர். நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டு பேர்ச்சஸுக்குச் சற்று மேற்பட்ட காணி. அந்தக் காணிக்குள் நின்றுகொண்டு அம்புக்குறியைப் பார்த்தால் அது சுழலாமல் வேறென்ன செய்யும்?

ஆகவே, பத்து மீற்றர் என்று காட்டியவுடன் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வேலை கண்ணுக்கும் கைக்குந்தான். இதை நான் ஒளிப்பதானால் எங்கே ஒளிப்பேன் என்று மகனிடம் கேளுங்கள். இயற்கையில் தானாக அமையாத ஒழுங்கைத் தேடுவதே சூட்சுமம்: வேர் இடுக்கில் மூன்று கற்கள் நேராக அடுக்கப்பட்டிருக்கும், காய்ந்த மரப்பட்டை ஒன்று வேறு இன மரத்தின் அடியில் கிடக்கும். இரும்பு இருக்கைகளின் அடிப்புறத்தில் காந்தம் பொருத்திய சிறு குப்பிகளை ஒட்டுவதும் வழக்கம். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரியவர்கள் குனியத் தயங்கும் இடங்களுக்கு உங்கள் மகளின் உயரம் மிகவும் பொருத்தமானது.

இந்த விளையாட்டே அந்தப் பிழை குறைந்ததால் பிறந்ததுதான். பொதுமக்களின் கருவிகளுக்குச் சமிக்ஞையை வேண்டுமென்றே மங்கலாக்கி அனுப்பிவந்த முறையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் திகதி நிறுத்தியது. அதுவரை 100 மீற்றர் வரை தவறக்கூடியதாயிருந்த கணிப்பு ஓரிரவில் சீரானது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு கவணும் தகர டப்பாவில் அடைத்த அவரை விதைகளும் அடக்கம். இப்போது பெட்டிக்குள் உணவு வைப்பதற்கு அனுமதியில்லை. நம்மூர் எறும்புகளையும் அணில்களையும் அறிந்தவர்களுக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலிருந்து புறப்படுமுன் மூன்றைக் கவனியுங்கள். தேடுவதன் கடினம், நிலத்தின் கடினம் ஆகிய இரண்டுக்கும் 1 முதல் 5 வரை அரைப் புள்ளி வித்தியாசத்தில் மதிப்பெண் இருக்கும். சிறு பிள்ளைகளோடு 1.5க்கு மேற்பட்டதைத் தொடவேண்டாம். அடுத்தது பெட்டியின் அளவு. மைக்ரோ என்று குறித்திருந்தால் அது 100 மில்லிலீற்றருக்கும் குறைந்தது, பழைய பிலிம் டப்பாவைப் போன்றது. அதற்குள் தாளைத் தவிர எதுவும் இராது. பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டால், ஒரு லீற்றருக்கு மேற்பட்ட ரெகுலர் வகையைத் தேடுங்கள். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைப்பது முறை. மூன்றாவதுதான் மிக முக்கியம்: முன்பு போனவர்கள் எழுதிய குறிப்புகள். கடைசியாக வந்த மூன்று நான்கு பேரும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், பெட்டி பெரும்பாலும் அங்கே இல்லை. அதைத் தேடி ஒரு சனிக்கிழமையை வீணாக்க வேண்டாம். நீங்கள் போன இடம் அப்படிப்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

கணக்கு இலவசமாகவே திறக்கலாம். சில பெட்டிகள் கட்டண உறுப்பினர்களுக்கு மட்டுமே காட்டப்படும். ஆனால் ஐந்தாறு கண்டுபிடித்து, பிள்ளைகளின் ஆர்வம் நிலைக்கிறது என்று தெரியும் வரைக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

பதில் 2: பாகைமானி

அக்கா, நான் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை. மேலே ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ரொறன்ரோவோடு ஒப்பிட்டால் இங்கே பதிவான பெட்டிகள் மிகச் சொற்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் கணவர் முன்னதாகப் பூங்காவுக்குப் போய், இறுக்கமான மூடியுள்ள மூன்று சிறு டப்பாக்களை எங்களுக்காக மட்டும் ஒளிப்பார். பத்து மணிக்கு நாங்கள் போய்த் தேடுவோம். திரும்பும்போது மூன்றும் எங்கள் பைக்குள் இருக்கும். இணையத்தில் பதிவு செய்யாததால் எந்த விதியும் இல்லை. கட்டாயம் கிடைக்கும் என்பதால் கண்ணீரும் இல்லை.

பிள்ளைகளுக்கு இதில் கிடைக்கும் கணக்குப் பயிற்சி பெறுமதியானது. கேஷ் ஆள்கூறுகள் பாகையிலும் தசமக் கலையிலும் எழுதப்படுபவை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). தொலைபேசி வரைபடமோ பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டும். வரைபடத்தில் அகலக்கோடு 6.915 பாகை என்றிருந்தால், 0.915ஐ 60ஆல் பெருக்கி 6 பாகை 54.900 கலை வடக்கு என்று எழுத வேண்டும். என் மகன் முதல் நாள் அதைத் தலைகீழாகச் செய்து, 54.9 கலையை 6.549 பாகை என்று உள்ளிட்டுவிட்டான். நாற்பது கிலோமீற்றர் தெற்கே, களுத்துறைப் பக்கம் கடலுக்குள் புள்ளி விழுந்தது. அன்று சிரித்த சிரிப்பில் அவன் அந்தப் பாடத்தை மறக்கவேயில்லை. ஒரு கலை ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர் என்பதால், மூன்றாம் தசமதானத்தில் ஓர் இலக்கம் மாறினால் நிலத்தில் இரண்டு மீற்றருக்கும் குறைவாகவே விலகும். நாம் மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால் நெடுங்கோட்டுக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். ரொறன்ரோவில் அது பொருந்தாது. ஏன் என்று மகனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

நுளம்பைப் பற்றி ஒன்று. டெங்கு பரப்பும் நுளம்பு காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம் கடிக்கும். நீங்கள் போனது அந்த நேரமாக இருக்கவேண்டும். நீளக் காற்சட்டையும் பூச்சும் இல்லாமல் பற்றைப் பக்கம் போகாதீர்கள். ஒளிக்கும் டப்பாவும் நீர் தேங்கும் பாத்திரமாகிவிடக் கூடாது. மூடி கழன்ற டப்பா ஒன்று மழையில் ஒரு வாரம் கிடந்தால் போதும், குடம்பிகள் நெளியும். நுளம்பு பெருக இடங்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமும்கூட. எனவேதான் நாங்கள் எதையும் விட்டுவிட்டு வருவதில்லை.

பெட்டியே இல்லாத எர்த்கேஷ் என்ற வகையும் உண்டு. பாறை, கடற்கரை, மண் போன்றவற்றைப் போய்ப் பார்த்து, அங்கே கவனித்ததை வைத்துக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். காணாமற்போக ஒன்றுமில்லை என்பதால் ஆசிரியையான எனக்கு அதுவே மிகப் பிடித்தது. என் பிள்ளைகளுக்கு அதுவே மிகச் சலிப்பானது.

பதில் 3: கொட்டாஞ்சேனைக்காரன்

மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நகரத்தில் ஒருவர் மதிலோரம் குந்தியிருந்து எதையோ தடவினால், பார்ப்பவர்கள் சும்மா போகமாட்டார்கள்; அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. சென்ற வருடம் ஒரு நடைபாதை ஓரத்தில் நானும் மகளும் தேடிக்கொண்டிருந்தபோது காவலாளி ஒருவர் வந்து, என்ன ஒளிக்கிறீர்கள் என்று கேட்டார். தொலைபேசித் திரையைக் காட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். ஐந்து நிமிடத்தில் அவரே தன் கைவிளக்கால் கற்களுக்கிடையில் வெளிச்சம் அடிக்கத் தொடங்கிவிட்டார். எல்லா நாளும் அப்படி முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். முகாம்கள், அரச அலுவலகங்கள், பாடசாலைகள், ரயில் பாதை ஆகியவற்றின் அருகே அம்புக்குறி காட்டினால் திரும்பிவிடுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் ஒளிப்பதை விளையாட்டின் நெறிகளே ஆதரிப்பதில்லை. வழிபாட்டுத் தலங்களின் மதில்களையும் விட்டுவிடுவது நல்லது.

பெத்தகான, தியசரு போன்ற சதுப்புநிலப் பூங்காக்களுக்குப் போனால் பலகை நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இத்தகைய இடங்களினால்தான். அங்கே பற்றைக்குள் அசைவது பெட்டியாக இராது, கபரகொய்யா என்னும் பெரிய நீர் உடும்பாக இருக்கும்.

வெள்ளவத்தை அம்மா

மூவருக்கும் நன்றி. ஐயாவின் சந்தேகம் சரியாகவே இருந்தது: நாங்கள் தேடிய பெட்டியைக் கடைசி நான்கு பேரும் காணவில்லை. குறிப்புகளை வாசிக்காமலே புறப்பட்டிருக்கிறோம்.

நேற்றுக் காலை வேறொன்றைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு மதிப்பெண்ணும் 1.5, மைக்ரோ. பத்து மீற்றர் என்றதும் தொலைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டேன். மகன் மரங்களின் மேற்பகுதியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மகள் சீமெந்து இருக்கையொன்றின் கீழே படுத்து, அம்மா, இங்கே ஒரு கறுப்பு மூடி, என்றாள். கட்டைவிரல் பருமனில் ஒரு பிலிம் டப்பா. மூடியைத் திறந்ததும் பூசண மணம் அடித்தது. தாள் சுருளாக நனைந்து, ஓரங்கள் ஒட்டிப்போய், பழைய பெயர்களின் மை நீலக் கறையாகப் பரவியிருந்தது. பேனா எழுதவில்லை, மகனின் பென்சிலால் ஒருவாறு அழுத்தி எழுதினோம். பெயர் எழுதும் உரிமை யாருக்கு என்று பேருந்தில் ஏறும்வரை சண்டை நடந்தது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்தத் தாளை மாற்றி, புதியதை வைத்துவிட்டு வந்திருக்கலாமா? பிறருடைய பெட்டியில் கைவைக்கக் கூடாது என்று நினைத்து அப்படியே மூடிவிட்டேன்.

தெஹிவளை நடையன்

காய்ந்த தாள்துண்டு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு வருவதை யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். பழைய தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதில் இருப்பவை மற்றவர்கள் வந்துபோன சான்று. தாள் நனைந்திருக்கிறது, பராமரிப்புத் தேவை என்று உங்கள் பதிவில் எழுதினால் உரிமையாளருக்கு அறிவித்தல் போய்ச் சேரும். நான் எப்போதும் கொண்டுபோவது ஒரு சிறிய பிளாஸ்டிக் உறைக்குள் நாலைந்து தாள்துண்டுகளும் இரண்டு பென்சில்களும். இரண்டு பிள்ளைகள் என்றால் பென்சிலும் இரண்டாகவே இருக்கட்டும்.